யார் கொண்டுவந்த கிருமி

வேலை முடிந்து வீட்டுக்கு வந்த ஊசி, வாசல் கேட்டைத் திறந்ததும் நின்றுவிட்டாள். அவளுடைய தட்டு, டம்ளர், பல் தேய்க்கும் பிரஷ், தலையணை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கூடையில் திணிக்கப்பட்டு மாடிப்படியின் அடியில் கிடந்தன. மேலே கிருமிநாசினியை ஊற்றியிருந்தார்கள். தெளித்ததாகத் தெரியவில்லை, கவிழ்த்ததுபோல்தான் இருந்தது. தலையணை ஊறிப்போய் நெடியடித்தது.

ஊசி என்பது வீட்டில் வைத்த பெயர். குழந்தையாக இருந்தபோது ஒல்லிக் குச்சியாக இருந்ததற்காக வைத்தது. அவள் பேசப் பழகியதும் அந்தப் பெயருக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு, அக்கா வீட்டு மாடியறையில்தான் இருந்தாள். அக்காவின் கணவர் கல் அறுக்கும் பட்டறை வைத்திருந்தார். தரைக்கும் சமையல் மேடைக்கும் பாளம் பாளமாகக் கல் அறுத்து, பாலிஷ் போட்டு அனுப்புகிற பட்டறை.

அவர் கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என்ன மாமா இது?"

"பார்த்தா தெரியலையா? இனிமே நீ உள்ள வரவேண்டாம்."

"அக்காவோட ரிசல்ட் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. டிபி. முதுகெலும்புல உக்காந்திருக்காம்."

பல மாதமாக அக்கா முதுகு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தைலம் தேய்த்தார்கள், மெத்தையை மாற்றினார்கள். இரண்டு எலும்புகள் அரித்துப்போய் ஒன்றன்மேல் ஒன்று சரிந்த பிறகுதான் மருத்துவமனையில் முதுகில் துளைபோட்டுச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

"முதுகெலும்புல இருக்கறது மூச்சு வழியா யாருக்கும் பரவாது மாமா. தட்டை எல்லாம் பிரிக்கணும்னு இல்ல."

"அவகிட்ட இருந்து பரவுமான்னு நான் கேக்கல. அவளுக்கு எப்படி வந்துச்சுன்னு கேக்கறேன். இந்த வீட்ல தினமும் டிபி கிருமியோட குடும்பம் நடத்திட்டு வர்றது யாரு? நானா?"

ஊசி வாசற்படிவரை வந்தாள். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். உள்ளறைக் கட்டிலில் அக்கா சுவரைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"அக்கா, நீயாவது சொல்லேன். எங்க லேப் எப்படின்னு உனக்குத் தெரியும்தானே?"

அக்கா திரும்பவில்லை. "மாமா சொல்றதைக் கேளு. கொஞ்ச நாள் வேற எங்கயாவது இரு" என்று சுவரிடம் சொன்னாள்.

ஊசி கூடையை அங்கேயே விட்டுவிட்டு, மாடியில் இருந்த துணிமணியை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

*

அவள் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தாள். காசநோய்க் கிருமி மனித உடம்பின் செல்களுக்குள் எப்படிப் புகுகிறது, புகுந்த பிறகு எப்படிச் சாகாமல் இருக்கிறது என்பதைப் பார்ப்பதுதான் அவள் வேலை. அதற்கென்று தனியாக மூடிய அறை. காற்று உள்ளே போகுமே தவிர, வடிகட்டாமல் வெளியே வராது. உள்ளே போகுமுன் உடையை மாற்றி, அதன்மேல் முழு அங்கியும் இரண்டடுக்குக் கையுறையும் போட்டு, காற்றை வடிகட்டித் தருகிற முகமூடியை மாட்ட வேண்டும். வெளியே வரும்போது எல்லாவற்றையும் உரித்துப் போட்டுவிட்டுக் குளிக்க வேண்டும். அங்கே அவள் தட்டுகளில் செல்களை வளர்ப்பாள். காவல் செல்கள், நுரையீரலின் உட்பக்கத் தோல் செல்கள், கொழுப்புச் செல்கள் என்று விதவிதமாக. ஒவ்வொன்றிலும் கிருமியை விட்டுப் பார்ப்பாள். ஒவ்வொன்றிலும் அது வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். அந்தத் தந்திரங்கள் அவளுக்கு மனப்பாடம். அதை வீட்டுக்கு எடுத்து வருகிற அளவு அவள் அசட்டையானவள் அல்ல. அதைச் சொன்னால் நம்புவார்கள் என்றுதான் நினைத்திருந்தாள்.

மறுநாள் காலை எல்லோரும் வேலைக்கு வருகிற நேரத்தில் மாமா நிலையத்தின் வாசலில் வந்து நின்றார். காவலாளி தடுத்தபோது சத்தம் இன்னும் கூடியது.

"உங்க வேலைக்காரி எங்க வீட்டுக்குள்ள நோயைக் கொண்டுவந்துட்டா! என் பொண்டாட்டி எந்திரிக்க முடியாம கிடக்கா! இங்க கேக்க ஆள் இல்லையா?"

வந்தவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள். ஊசியும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். ஓரிருவர் அவளை விட்டு அரை அடி தள்ளி நின்றது அவளுக்குத் தெரிந்தது. கிருமி எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்கிறவர்கள் அவர்கள்.

இயக்குநர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை.

"விசாரணை முடியற வரைக்கும் மூடிய அறைக்குள்ள போகவேண்டாம். உங்களுக்கு ரத்தப் பரிசோதனை பண்ணணும். உங்க அக்கா உடம்புல இருந்து எடுத்த கிருமியை வளர்த்து, நம்ம கிருமியும் அதுவும் ஒண்ணான்னு வெளி ஆய்வகத்துல பார்க்கச் சொல்லியிருக்கேன்."

"ஒண்ணா இருக்காது சார்."

"இருந்துச்சுன்னா இந்த நிலையத்தையே மூடிடுவாங்க. உங்க ஒருத்தரால."

"இல்லைன்னு வந்துச்சுன்னா, இதே மாதிரி எல்லாரையும் வாசல்ல நிக்க வெச்சு அதையும் சொல்லுவீங்களா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாயைக் குறைச்சா உங்களுக்கு நல்லது" என்றார்.

காசநோய்க் கிருமி அவசரப்படாது. சாதாரணக் கிருமிகள் அரை மணியில் இரட்டிப்பாகும் என்றால், இதற்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும். வளர்த்து, பிரித்து, ஒப்பிட்டுப் பார்க்க வாரக்கணக்கில் ஆனது. அதுவரை ஊசி மகளிர் விடுதியில் ஒரு அறையில் இருந்தாள். நிலையத்தில் அவள் தேநீர் வாங்கிக்கொண்டு மேசைக்கு வந்தால், அங்கிருந்தவர்களுக்குத் திடீரென்று வேலை ஞாபகம் வந்துவிடும். அடுத்த மேசையில் பல வருடம் ஒன்றாக வேலை பார்த்தவள், ஊசியின் பேனாவைக் காகிதத்தால் சுற்றித் தூக்கி நகர்த்தினாள்.

"கையால தொட்டாலே செத்துடுவியா?" என்று ஊசி கேட்டாள்.

"எதுக்கு வம்புன்னுதான்" என்றாள் அவள்.

அக்காவுக்குப் போன் செய்தால் எடுக்கவே மாட்டாள். இதற்குள் அவளை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள்.

ரத்தப் பரிசோதனை முதலில் வந்தது. ஊசியின் உடம்பில் காசநோய்க் கிருமி என்றுமே நுழைந்ததற்கான அடையாளம் இல்லை. தூங்குகிற கிருமிகூட இல்லை. பிறகு வெளி ஆய்வகத்தின் முடிவும் வந்தது. அக்காவின் எலும்பில் இருந்தது வேறு குலம். நிலையத்தில் வளர்க்கிற கிருமிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

"நல்ல செய்தி" என்றார் இயக்குநர். "நாளைல இருந்து உள்ள போகலாம்."

வேறு ஒரு வார்த்தை வரும் என்று ஊசி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அவர் கணினிப் பக்கம் திரும்பிவிட்டார்.

*

அன்றே அவள் மருத்துவமனைக்குப் போனாள். அக்காவைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா, இவள் தங்கை என்று தெரிந்ததும் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார்.

"முதுகை விடுங்க, நெஞ்சைப் பாருங்க. மேல இந்த வெள்ளைத் தழும்பு ரொம்பப் பழசு. சின்ன வயசுல கிருமி வந்து ஆறிப்போன இடம். இந்தப் பொடிப் பொடிப் புள்ளியெல்லாம் கல் தூசி. அவங்க பட்டறைல வேலை பார்த்தாங்களா?"

"கணக்கு பார்ப்பாங்க. கூட்டிப் பெருக்கறதும் அவங்கதான்."

"அப்படியா? வீட்டுக்காரர்கிட்ட முதல் நாளே கேட்டேன், தூசிப் பக்கமே போகமாட்டாங்கன்னாரே! சின்ன வயசுல வீட்ல யாருக்காவது டிபி இருந்துச்சா? உங்க அக்கா இல்லவே இல்லைங்கறாங்க."

ஊசிக்கு அப்பாவின் முகம் தெளிவாக ஞாபகம் இல்லை. பள்ளியில் சேர்த்தபோதே அவளை ஹாஸ்டலில் விட்டுவிட்டார்கள். விடுமுறைக்கு வந்தால்கூட அத்தை வீட்டில்தான் இருப்பாள். அப்பாவுக்கு ஆஸ்துமா என்று சொன்னார்கள். ஆஸ்துமாவுக்கு எதற்காகப் பிள்ளையை வேறு வீட்டில் வைக்க வேண்டும் என்று, இத்தனை படித்தும், அவள் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

வார்டில் அக்கா இடுப்பிலிருந்து மார்புவரை கெட்டியான பெல்ட் போட்டுக்கொண்டு சாய்ந்திருந்தாள். தங்கையைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள்.

"அப்பாவுக்கு என்ன நோய்க்கா?"

"ஆஸ்துமா."

"பொய் சொல்லாத. உன் எக்ஸ்ரேயை இப்பதான் பார்த்துட்டு வர்றேன்."

அக்கா படக்கென்று திரும்பினாள். வலி முகத்தைக் கோணலாக்கியது.

"ஆமா, டிபிதான். இப்ப என்ன? உனக்கு என்ன தெரியும்? நீ ஹாஸ்டல்ல ரெட்டைச் சடை போட்டுப் பாட்டு கத்துக்கிட்டிருந்த. அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. அவர் துப்பற கிண்ணத்தைக் கழுவினது நான். இருமல் சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னு ஜன்னலைக்கூடத் திறக்கமாட்டாங்க. அந்த அறைலதான் நான் படிச்சேன், தூங்கினேன்."

"எனக்கு யாரும் சொல்லலையே அக்கா."

"ரெண்டு பேர்ல யாரை வெளிய அனுப்பறதுன்னு அவங்க பேசினதை நான் கேட்டேன். 'சின்னது தப்பிச்சுப் போகட்டும், பெரியவ இருந்தா ஒத்தாசை'ன்னு அப்பாதான் சொன்னாரு. உன் ரத்தத்துல ஒண்ணுமே இல்லைன்னு உங்க நிலையத்துல மாமாகிட்டச் சொன்னாங்களாமே? அது எப்படின்னு யோசிச்சுப் பார்த்தியா?"

அதற்குப் பதில் இல்லாததே ஊசிக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"அதுக்கு நான் என்ன பண்ணமுடியும்? எனக்கு அப்ப என்ன வயசு? மாமா என்னை வாசல்ல நிக்க வெச்சு ஊர் கூட்டிக் கத்தினாரு. கிருமி எங்க இருந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த."

"ஆஸ்துமான்னு சொல்லித்தான் எனக்குக் கல்யாணம் பண்ணினாங்க. இப்ப நிஜத்தைச் சொன்னா, ஏமாத்திக் கட்டிக்கிட்டவன்னு அவர் என்னைத் தள்ளி வெச்சுடுவாரு. உனக்கு வேலை இருக்கு, படிப்பு இருக்கு. எங்க போட்டாலும் பிழைச்சுப்ப. எனக்கு என்ன இருக்கு?"

"அதனால என் தலையில கட்டிட்ட."

"ஆமா. கட்டினேன்."

பக்கத்துக் கட்டில்காரி கண்ணை மூடித் தூங்குவதுபோல நடித்தாள். அக்கா மூச்சு வாங்கினாள். சற்றுக் கழித்து, கேட்க விருப்பமில்லாதவள்போலக் கேட்டாள்.

"இத்தனை வருஷம் அது எங்கதான் இருந்துச்சு? நான் நல்லாத்தானே இருந்தேன்."

ஊசி தணிந்து பேசவில்லை. ஆனால் இது அவளுக்குத் தெரிந்த விஷயம்.

"உன் நுரையீரல்ல காவலுக்குன்னே சில செல் இருக்கு. உள்ள வர்ற கிருமியை முழுங்கிடும். முழுங்கினதை ஒரு பைக்குள்ள அடைச்சு வைக்கும். அப்புறம் அமிலம் இருக்கற இன்னொரு பை வந்து இதோட ஒட்டணும். ஒட்டினா கிருமி கரைஞ்சுடும். இந்தக் கிருமி அந்த ரெண்டு பையையும் ஒட்டவே விடாது. தன்னைக் கொல்ல வந்த செல்லுக்குள்ளயே சட்டமா உக்காந்துக்கும்."

"அந்தச் செல்லுக்குத் தெரியாதா?"

"சில சமயம் தெரிஞ்சுடும். அப்ப மத்த செல்லெல்லாம் கூடி வந்து சுத்தி அடைச்சு நிக்கும். உனக்கு அப்படித்தான் ஆச்சு, அதான் அந்தத் தழும்பு. ஆனா அதுக்குள்ள சில கிருமி வேற செல்லுக்கு ஏறிப் போயிருக்கும். நுரையீரல் தோல் செல்லுக்கு முழுங்கற வேலையே கிடையாது, அதையும் ஏமாத்தி உள்ள இழுக்க வைக்கும். தகவல் கொண்டுபோற செல்லு ஒண்ணு இருக்கு, அதுக்குள்ள ஏறிக்கிட்டு நெறிக்கட்டி வரைக்கும் போகும். ரத்தத்துல போய் எலும்புல இறங்கும். கொழுப்பு இருக்கற செல்லுன்னா அந்தக் கொழுப்பையே தின்னு சேர்த்து வெச்சுக்கிட்டு வளராம, பெருகாம கிடக்கும். மருந்துகூட அதைச் சரியாத் தொடாது. காவல் பலமா இருக்கற வரைக்கும் எழும்பாது."

"என்னோடது ஏன் எழும்பிச்சு?"

"கல் தூசி. அதையும் அந்தக் காவல் செல்தான் முழுங்குது. கண்ணாடித்தூளை முழுங்கின மாதிரி, உள்ள இருக்கற பையெல்லாம் கிழியும். காவல் சாகும். நீ எத்தனை வருஷமா அந்தப் பட்டறையைக் கூட்டற?"

அக்காவின் முகம் வெளுத்தது. ஆனால் அவள் சொன்னது இதுதான்: "அவர்கிட்ட ரெண்டையும் சொல்லாத. அப்பா விஷயத்தையும் சொல்லாத, தூசியையும் சொல்லாத."

"ரெண்டையும் சொல்லத்தான் போறேன்" என்றாள் ஊசி.

*

பட்டறையில் மூன்று அறுவை எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அறுக்கிற இடத்தில் தண்ணீர் விழுவதற்கான குழாய் ஒவ்வொன்றின் மேலும் இருந்தது. எதிலும் தண்ணீர் வரவில்லை. மோட்டார் பழுதாகி, அப்படியே விட்டிருந்தார்கள். தண்ணீர் விட்டு அறுத்தால் சேறு அள்ள வேண்டும், வேலை தாமதமாகும். வேலை செய்கிறவர்களின் புருவம், காது, கழுத்து எல்லாம் மாவு பூசியதுபோல வெளுத்திருந்தது. மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார்கள். பாலிஷ்காரர் மட்டும் அதையும் இறக்கிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

மாமா கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்திருந்தார். கதவை மூடினால் உள்ளே தூசி இல்லை.

"கிருமி என்னோடது இல்ல மாமா. வேற குலம்னு வந்துடுச்சு. அது எங்க அப்பாவோடது. அவருக்கு வந்தது ஆஸ்துமா இல்ல, டிபி."

அவர் அதிரவில்லை. "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"உங்கப்பன் சங்கதி. பொண்ணு பார்க்கறதுக்கு முன்னாடியே தெரியும். உங்க வீட்டுக்கு மருந்து குடுத்த கம்பவுண்டர் எங்க சித்தப்பாவோட சிநேகிதர். பரவாயில்லைன்னுதான் கட்டிக்கிட்டேன்."

ஊசி அவர் மேசையருகே வந்தாள். "தெரிஞ்சுமா என்னை வாசல்ல வந்து அசிங்கப்படுத்தினீங்க?"

"டாக்டரம்மா முதல் நாளே தூசி, தூசின்னு ஆரம்பிச்சுட்டாங்க. அடுத்தது தொழிற்சாலை ஆய்வாளர் வருவாரு, பட்டறையை இழுத்து மூடுவாரு. இங்க வேலை பார்க்கறவன் வீட்டுல அடுப்பு எரியவேண்டாமா? உன்கிட்ட இருந்து வந்துச்சுன்னா இங்க யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. உனக்கு என்ன நட்டம்? திரும்ப வேலைல சேர்த்துக்கிட்டாங்கதானே?"

வெளியே பாலிஷ்காரர் மறுபடி இருமினார். குனிந்து துப்பி, துப்பியதைக் காலால் தேய்த்தார்.

"அவருக்கு எத்தனை நாளா இருமல்?"

"இதோ பாரு. இந்தப் பட்டறையைப் பத்தி வெளிய வாயைத் திறந்த, உங்க அக்காவைக் கொண்டுவந்து உன் விடுதி வாசல்ல இறக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் நீயே பார்த்துக்க."

இதை அவர் சத்தமில்லாமல் சொன்னார். அதனால்தான் ஊசிக்கு அவர் செய்வார் என்று பட்டது. பஸ் நிறுத்தம் வரை நடந்துவந்து, வந்த பஸ்ஸில் ஏறாமல் நின்றாள். அடுத்ததிலும் ஏறவில்லை. தனக்கு என்ன இருக்கிறது என்று அக்கா கேட்டது காதிலேயே இருந்தது. பாலிஷ்காரரின் இருமலும் இருந்தது. கடைசியில் மருத்துவமனைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அந்த வாரமே எக்ஸ்ரே வண்டி பட்டறைக்கு வந்தது. பாதிப் பேருக்கு நெஞ்சில் தூசி. பாலிஷ்காரரின் சளியில் கிருமி கொத்துக் கொத்தாக இருந்தது. தண்ணீர் விட்டு அறுக்க ஏற்பாடு செய்கிறவரை பட்டறை மூடப்பட்டது.

யாரும் ஊசியை வாழ்த்தவில்லை. பாலிஷ்காரரின் மனைவி நிலையத்தின் வாசலுக்கே வந்து, மண்ணை வாரித் தூற்றிச் சபித்தாள். "என் பிள்ளைங்க வயித்துல அடிச்சவளே, நீ நல்லாவே இருக்கமாட்ட!" இந்த முறையும் எல்லோரும் நின்று பார்த்தார்கள். ஊசி அவள் முன்னால் போய் நின்று, "பிள்ளைங்களைப் பரிசோதனைக்குக் கூட்டிட்டு வாங்க. வந்து எவ்வளவு வேணா திட்டுங்க" என்றாள். அவள் கூட்டி வந்தாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டுதான் வந்தாள்.

மாமா சொன்னதைச் செய்தார். அக்காவை விடுதி வாசலில் இறக்கிவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். ஊசி அவசர அவசரமாக ஒரு அறை வாடகைக்குப் பிடித்தாள். பெல்ட்டோடு கட்டிலில் கிடந்த அக்கா, முதல் சில வாரங்கள் தங்கையிடம் பேசியதெல்லாம் குற்றச்சாட்டுதான். மாத்திரையை நீட்டினால் பிடுங்கி வாங்குவாள். மருத்துவமனையில் குழாய் போட்டிருந்ததால் அதுவரை கவனிக்காதவள், சிறுநீர் சிவப்பாகப் போவதைக் கண்டு ஒருநாள் பயந்து கத்தினாள். மருந்தின் நிறம்தான் என்று ஊசி சொன்னதும், "முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று அதற்கும் சண்டை பிடித்தாள்.

மாமாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதை ஊசி கொஞ்ச நாள் சொல்லவில்லை. சொன்ன அன்று அக்கா சாப்பிடவில்லை.

"நான் தூக்கத்துல உளறிடுவேனோன்னு பயந்திருக்கேன்" என்றாள். "அவர் பக்கத்துல இருமக்கூடப் பயந்திருக்கேன். அந்த மனுஷன் தெரிஞ்சே சும்மா இருந்திருக்காரு."

பட்டறை மறுபடி திறந்த பிறகு, ஒரு மாலை அவர் கூப்பிட வந்தார். இப்போது எந்திரத்தில் தண்ணீர் விழுகிறது, எல்லோருக்கும் முகமூடி கொடுத்தாயிற்று என்றார். யாரும் கேட்காமலேயே சொன்னார். ஊசியின் பக்கம் பார்க்கவே இல்லை. அக்கா எழுந்து நின்றாள். பெல்ட் போட்டதிலிருந்து அவள் தானாக எழுந்து நின்றது அதுவே முதல் தடவை.

"என்கிட்ட மன்னிப்பு கேக்கவேண்டாம்" என்றாள் அவரிடம். "அவகிட்டக் கேளுங்க. நீங்க கத்தின அதே வாசல்ல போய்க் கேளுங்க. கேட்டீங்கன்னா அப்புறம் பேசலாம்."

அவர் போனவர் போனவர்தான். அந்த வாசலுக்கு இதுவரை வரவில்லை.

கதவைச் சாத்திவிட்டு அக்கா மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தாள். ஊசி அவள் முதுகுக்குத் தலையணையை எடுத்து வைத்தாள்.

"ரொம்பப் பூரிச்சுப் போகாத" என்றாள் அக்கா. "உன்மேல எனக்கு இருக்கற கோபம் அப்படியேதான் இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள் ஊசி.

"இருக்கட்டும். அந்த மாத்திரையை எடு."